சிற்பமும் சித்திரமும் காக்கும் கல்வி

சென்ற கோடையில் சேர்வராயன் மலையிலுள்ள செம்மநத்தத்தில் சில தினங்கள் தங்க நேர்ந்தது. அவ்வூர் வாலிபன் ஒருவன் நம்மைக் காண வந்தான். மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவன். சித்திரம் எழுதுவதில் கைப்பழக்கம் உள்ளவன். “பழைய சிலைகளையும் சுவர்ச் சித்திரங்களையும் கெடாமல் காப்பாற்றும் வித்தையைக் கற்க ஆசைப்படுகிறேன், ஐயா. அதற்கு எங்கே போய்ச் சேரவேண்டும்?” என்று கேட்டான். சட்டம் படிக்க எங்கே போவது என்று கேட்டிருந்தால் ஒரு நொடியில் விடை கூறியிருப்போம். இந்தக் கேள்விக்கு நாம் சற்றுத் திகைக்கவே வேண்டியிருந்தது.

இந்த ஆசை எப்படிப் பிறந்தது என்று விசாரித்தோம். அவனுக்குத் தெரிந்த ஒரு கோயிலில், திருப்பணி என்று சொல்லிக் கற்சிலையொன்றுக்கு எண்ணெய் வர்ணம் பூசினார்களாம். சில வருஷங்கள் கழித்து, அது அழகாக இல்லை என்று வேறு சிலர் கம்பித் தேய்ப்பானால் தேய்த்து எடுத்தார்களாம். வர்ணத்தோடு சிலையின் மூக்கும் விரல் நகங்களும் தேய்ந்து போயின. “பூசியவர்களும் பக்தியோடுதான் பூசினார்கள், தேய்த்தவர்களும் பக்தியோடுதான் தேய்த்தார்கள்” என்றான் அவன். தமிழ்நாட்டுக் கோயில்களின் தற்கால சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது. நம்மிடம் பக்திக்குக் குறைவில்லை. பணத்துக்கும் அநேக இடங்களில் குறைவில்லை. குறைந்திருப்பது கல்வி ஒன்றே.

அவன் பிறந்த மலையே இவ்விஷயத்தில் நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. 1863ம் வருஷம் மே மாதம் 30ந் தேதி பல்லாவரத்தில் பழைய கற்காலத்துக் கருவியொன்றைக் கண்டெடுத்துப் புகழ்பெற்ற ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் பூதத்துவ சாஸ்திரி தமது முதுமையில் ஏர்க்காட்டில் வசித்தார். 1912ல் காலமான அவருடைய நினைவுச் சின்னம் அங்குள்ள திரித்துவ ஆலயத்தில் இருக்கிறது. மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகள் சேர்வராயன் மலையில் அகப்பட்டதை அவர் குறித்து வைத்திருக்கிறார். அக்கற்களை மலைவாசிகள் சிறு கோயில்களில் வைத்து வணங்கி வந்தார்கள். அவை எக்காலத்தவை என்பதை அவர்கள் அறியார்கள். ஆயினும் உளி கொண்டு திருத்தாமலும் உடைத்து எறியாமலும் வைத்திருந்தார்கள். ஆகவே ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முற்பட்ட சாட்சியம் நம் கைக்கு வந்து சேர்ந்தது. ஃபூட் சேகரித்தவை 1904ல் சென்னை மியூசியத்தை அடைந்தன. பழம்பொருளைக் காப்பதில் முதல் விதி, தெரியாததைத் தொடாதிருத்தல். இரண்டாவது விதி, தொட வேண்டியது அவசியமானால் தெரிந்துகொண்டு தொடுதல். அந்தத் தெரிதலுக்கே கல்விச்சாலை வேண்டுமென்கிறோம்.

தெரியாமல் தொட்டதன் பலனை அஜந்தாவில் காணலாம். 1920ம் வருஷத்திற்கும் 1922க்கும் இடையே நிஜாம் சர்க்கார் இத்தாலியிலிருந்து இரண்டு நிபுணர்களை வரவழைத்து அக்குகைச் சித்திரங்களைச் செப்பனிடச் செய்தது. உதிரும் தறுவாயிலிருந்த காரையை அவர்கள் சுவரோடு இறுகப் பிணைத்தார்கள் என்பது உண்மை. அதற்காக நன்றி கூறவும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் சித்திரங்களின் மேல் அவர்கள் பூசிய அரக்கு வார்னிஷ் நாளடைவில் மஞ்சளித்துக் கறுத்தது. தூசியையும் புகையையும் பற்றிக்கொண்டது. அப்பூச்சைக் கரைத்தெடுக்க நமது தொல்பொருள் இலாகாவின் ரஸாயன நிபுணர்கள் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியதாயிற்று. வந்தவர்கள் சாமானியர்களல்லர், ஆனால் தங்கள் நாட்டுச் சித்திரங்களுக்குப் பழகிய முறையை நம் நாட்டு மண்காரைக்கும் வெப்பத்துக்கும் பிரயோகித்தார்கள். இறக்குமதி செய்த நிபுணத்துவம் நமது சுவர்களுக்கு முற்றிலும் பொருந்துவதில்லை. நம் சுவர்களை அறிந்தவர்களை நாமே தயாரித்துக்கொள்ள வேண்டும்.

அப்படிப்பட்டவர்கள் நம்மிடையே தோன்றாமலும் இல்லை. சென்னை மியூசியத்தில் 1930ல் ரஸாயனப் பாதுகாப்பு வேலை தொடங்கியபோது அதை ஏற்று நடத்தியவர் டாக்டர் எஸ். பரமசிவன் என்ற தமிழர். மண்ணில் புதைந்து கிடந்த செப்புத் திருமேனிகளில் உப்பின் அம்சமான குளோரைடு ஊறி நிற்கும். வெளியே எடுத்து ஈரக்காற்றுப் பட்டவுடன் அது வெளிர்ப்பச்சைத் தூளாகப் பொரிந்து உலோகத்தை உள்ளிருந்து அரிக்கும். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினால் பளபளப்பு வரும்; நோய் போகாது. மின்சாரப் பகுப்பு முறையால் அந்த நஞ்சைக் களைந்து விக்கிரகங்களை மீட்கும் வேலையை அவர் எழும்பூரில் நடத்திக் காட்டினார். தஞ்சைப் பெரிய கோயிலில் கர்ப்பக்கிருகத்தைச் சுற்றியுள்ள இருண்ட நடையில் சோழர் காலத்துச் சித்திரங்கள் மறைந்திருப்பதை 1931ல் அண்ணாமலை சர்வகலாசாலையைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அவற்றின் காரையையும் வர்ணங்களையும் சோதித்து, ஈரச் சுண்ணாம்பின் மேல் தீட்டப்பட்டவை என்று முடிவு கூறியவரும் பரமசிவனே.

அங்கே நிபுணர்களுக்கு ஒரு தர்மசங்கடமும் நேர்ந்தது. சோழர் சித்திரத்தின் மேல் நாயக்கர் காலத்தவர் புதுக் காரை பூசி வேறு சித்திரம் எழுதியிருந்தார்கள். மேலுள்ளதை அழித்தால்தான் கீழுள்ளது தெரியும் என்ற நிலை. அவசரக்காரர்கள் கையில் இக்காரியம் சிக்கியிருந்தால் இரண்டில் ஒன்று நாசமாகியிருக்கும். தொல்பொருள் இலாகாவின் ரஸாயனப் பகுதியார் நாயக்கர் சித்திரத்தைக் காரையோடு தனியே உரித்தெடுத்து, வேறு பலகைகளில் பொருத்தி வைத்தனர். இரு காலத்துச் சித்திரங்களும் இன்று பிழைத்திருக்கின்றன. கல்வியுள்ள கைக்கும் கல்வியற்ற கைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆயினும் தஞ்சையில் கண்ட அந்த எச்சரிக்கை நமது மற்றக் கோயில்களில் காணப்படவில்லை. ஹிந்து அறநிலைய இலாகாவின் பார்வையில் 36,000க்கு மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்வதால் கல்வெட்டுகளின் எழுத்து மழுங்கியதையும், சுவர்ச் சித்திரங்களின் மேல் வெள்ளையடித்ததையும் நாம் அறிவோம். 2017ல் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் கோயில்களைப் பார்வையிட்டு அளித்த அறிக்கை திருப்பணி முறைகளைக் கண்டித்தது. 2021ம் வருஷம் ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் புராதனச் சின்னங்களையும் காப்பது பற்றி 75 கட்டளைகள் பிறப்பித்தது. கட்டளை பிறப்பிக்க நீதிபதிகளால் முடியும். அதை நிறைவேற்றும் கைகளை உண்டாக்கக் கல்விச்சாலையால்தான் முடியும்.

சட்டம் பயின்றவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். நமது நியாயஸ்தலங்கள் பிரதிஷ்டை செய்யப்பட்ட மூர்த்தியைச் சட்டத்தின் கண்ணில் ஒரு நபராகவும், தன் காரியத்தைத் தானே நடத்த இயலாத மைனருக்கு ஒப்பாகவும் கருதுகின்றன. தர்மகர்த்தா அம்மைனருக்குக் கார்டியன் போன்றவர். மைனரின் பொருளைக் கார்டியன் நல்லெண்ணத்தோடு விரயம் செய்தாலும் கோர்ட்டு அதை ஒப்புக்கொள்ளாது. நிலத்துக்கும் நகைக்கும் இவ்வளவு ஜாக்கிரதை காட்டுகிற நாம், அதே மூர்த்தியின் சந்நிதிச் சுவரிலுள்ள சித்திரத்தை மட்டும் கொத்தனார் வசம் ஒப்புவிக்கலாமா? நமது அரசியல் சட்டத்தின் 49வது விதி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களைக் காப்பது சர்க்காரின் கடமை என்கிறது. 1976ல் சேர்க்கப்பட்ட 51அ விதியோ நமது பண்பாட்டுச் செல்வத்தைப் போற்றிக் காப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்கிறது.

இக்கல்வியில் என்ன கற்பிப்பார்கள்? ரஸாயனம், கல்லின் இயல்பு, பூஞ்சை முதலியவற்றைப் பற்றிய ஜீவ சாஸ்திரம், வர்ணங்களின் தன்மை ஆகியவை ஒரு பக்கம். சிற்ப சாஸ்திரம், சரித்திரம், கைத்திறன் மறுபக்கம். எதையும் தொடுமுன் படம் எடுத்துக் குறிப்பு எழுதுதல், மிகக் குறைவாகவே தலையிடுதல், பின்னால் வருபவர் நீக்கக்கூடிய பொருளையே உபயோகித்தல், இட்டு நிரப்பிய இடம் அருகில் நின்று பார்ப்பவருக்குத் தெரியும்படி விடுதல் ஆகியவை இத்தொழிலின் ஒழுக்க விதிகள். ரோமாபுரியில் 1939ல் இத்தாலிய சர்க்கார் இதற்கென்றே ஒரு கழகத்தை நிறுவியது. நம் தேசத்தில் 1976ல் லக்னோவில் ஓர் ஆராய்ச்சிச் சாலையும், 1989ல் தில்லியில் தேசிய மியூசியத்தைச் சார்ந்த உயர்கல்வி நிலையமும் ஏற்பட்டன. செம்மநத்தத்து வாலிபனுக்கு அவ்விரண்டையுமே நாம் சொல்லி அனுப்பினோம். அவன் முகம் வாடியது. தூரம், செலவு, பாஷை என்ற மூன்று மலைகளைத் தாண்டியல்லவா அவன் போகவேண்டும்?

சென்னையில் 1850ல் டாக்டர் ஹண்டர் தொடங்கிய சித்திரப் பள்ளி இன்று கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரி 1957ல் ஏற்பட்டது. 2013ல் இசைக்கும் கவின் கலைகளுக்குமென்றே நம் ராஜ்யத்தில் ஒரு சர்வகலாசாலை ஏற்பட்டிருக்கிறது. படைப்பதற்கு அங்கே அளிக்கும் ஸ்தானத்தைக் காப்பதற்கும் அளிக்கவேண்டும். கும்பாபிஷேகம் செய்யும் கோயில் மியூசியமல்ல, அங்கே தீபப்புகையும் அபிஷேக நீரும் இருந்தே தீரும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வாஸ்தவமே. ஆகையால்தான் ஸ்தபதியும் ரஸாயன நிபுணரும் ஒரே கூரையின் கீழ் பயில வேண்டுமென்கிறோம். ஸ்தபதியின் உரிமையைப் பறிக்கும் யோசனை இதுவன்று. அவர் மூதாதையரின் வேலை அழியாமல் நிற்கச் செய்யும் யோசனை.

ஆகவே சர்க்காருக்கு நாம் கூறுவது இது. நமது கலைச் சர்வகலாசாலையில் சிற்ப, சித்திரப் பாதுகாப்புக்கு முழுமையான பட்டப்படிப்பு வேண்டும். எழும்பூர் ரஸாயனச் சாலையிலும் தஞ்சையிலும் மாணவர்களுக்கு நேர்ப்பயிற்சி வேண்டும். பாடம் தமிழில் நடக்கவேண்டும். பாடப் புத்தகங்களும் தமிழில் வேண்டும். பயின்றவர்களுக்கு அறநிலைய இலாகாவில் உத்தியோகம் உண்டு என்ற உறுதி வேண்டும். அவர்களில் ஒருவர் கையொப்பமின்றி எந்தப் பழஞ்சிலையையும் எந்தச் சுவர்ச் சித்திரத்தையும் தொடலாகாது என்ற விதியும் வேண்டும். மலைக் கிராமங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு உபகாரச் சம்பளமும் ஜாகையும் அவசியம்.

இதற்கு ஆகும் செலவு, ஒரு பெரிய கோயிலின் திருப்பணிச் செலவோடு ஒப்பிட்டால் அற்பமே. தாமதத்தால் விளையும் நஷ்டத்துக்கோ கணக்கே இல்லை. இடிந்த மதிலை மறுபடியும் கட்டலாம். தேய்த்து அழித்த முகத்தை எந்த ஸ்தபதியாலும் திரும்ப வரவழைக்க முடியாது. அந்த வாலிபன் அடுத்த கோடையில் மறுபடியும் வந்து கேட்பான். தமிழ்நாட்டிலேயே ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி அவனை அனுப்பும் பாக்கியம் நமக்குக் கிட்டுமா?