கட்டுபவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருட்டாலைகளிலே பழுக்கக் காய்ந்து வெளிவருகின்ற கம்பிகள், எத்தனையோ ஊர்களில் எத்தனையோ மாடிகளைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் அந்தக் கம்பியை உருட்டித் தரும் தோழர், தன் சொந்த வீட்டின் தூணுக்குள் எத்தனை கம்பி போயிற்று, எந்தத் தடிமனில் போயிற்று என்பதை அறியமாட்டார். அவர் ஷிப்டு முடிந்து வருவதற்குள் கான்கிரீட் கொட்டியாகிவிட்டது! கொட்டிய பின் உடைத்தா பார்க்க முடியும்?

கத்தரிக்காய் சொத்தை என்றால் நாளைக்கு வேறு கடை. வீடு அப்படியா? இருபது ஆண்டு உழைப்பு, வைப்பு நிதியிலிருந்து எடுத்த பணம், துணைவியார் கழுத்திலிருந்து கழற்றிய நகை, போதாக்குறைக்கு வங்கிக் கடன் – அத்தனையும் ஒரே ஆள் கையில் ஒப்படைக்கப்படுகிறது.

அந்த ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? கவரைப்பேட்டை, பொன்னேரி, காக்களூர் பக்கம் மனை வாங்கிப் போட்டிருக்கும் தோழர்கள் முன்னால் நிற்கும் கேள்வி இது. ஒருவர், "நான் கட்டுநர் சங்கத்து உறுப்பினர்" என்று அட்டையைக் காட்டுகிறார். சதுர அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறார். இன்னொருவர் எந்தச் சங்கத்திலும் இல்லை, விலை குறைவு. யாரிடம் கொடுப்பது?

சங்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள் என்பதே நமது கருத்து. ஆனால் அந்தச் சங்கம் எப்படிப்பட்டது என்று விசாரித்த பிறகு கொடுங்கள்.

சங்கம் என்றால் என்னவென்று நமக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சந்தாச் சீட்டு மட்டும் சங்கமாகிவிடாது என்பதை ஆலை வாயிலிலே கற்றவர்கள் நாம். கட்டுப்பாட்டை மீறும் உறுப்பினரைக் கூப்பிட்டுக் கேட்கும் துணிவு இருந்தால் அது சங்கம், இல்லையென்றால் பெயர்ப்பலகை. முதலாளிகள் சங்கத்துக்கும் அதே உரைகல்தான். ஒப்பந்தக்காரர்களின் அகில இந்தியச் சங்கம் 1941-இல் பிறந்தது. அடுக்குமாடி கட்டி விற்போரின் 'கிரெடாய்' 1999-இல் உருவாயிற்று; உறுப்பினர்களுக்கு நன்னடத்தை விதிகளும் வகுத்தது. ஆனால் இவை பிறந்தது உறுப்பினர் நலம் காக்க. வரி, சிமெண்டு விலை, மணல் தட்டுப்பாடு, அனுமதித் தாமதம் – இவற்றுக்காகக் கோட்டைக்கு மனுக் கொடுக்க. அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டோம். நம் சங்கமும் நம் நலத்துக்குத்தானே! ஆயினும் வீட்டுக்காரர் நலமும் தானாகவே அதற்குள் அடங்கிவிடும் என்று நம்புவது ஏமாளித்தனம்.

இங்கிலாந்தில் வேறு விதமாகச் செய்தார்கள். 1936-இலேயே வீடு கட்டுநர்களைப் பதிவு செய்யும் மன்றம் ஒன்றை அமைத்தார்கள். பதிவு பெற்றவர் கட்டும் வீட்டைப் பல கட்டங்களில் மன்றத்தின் ஆய்வாளர் பார்வையிடுவார். பின்னாளில் பத்தாண்டு உத்தரவாதமும் அதனுடன் சேர்ந்தது. கட்டியவர் கைவிட்டாலும் பெருங்குறைகளுக்கு ஈடு கிடைக்கும். உறுப்பினர் அட்டைக்குப் பின்னால் பணமும் பொறுப்பும் நிற்கிறது. அதனால்தான் அதற்கு மதிப்பு. நம் நாட்டுச் சங்கங்கள் அந்த அளவுக்கு வரட்டும்; நாமே மேடை போட்டுப் பாராட்டுவோம்.

"சட்டம் இருக்கிறதே, சங்கம் எதற்கு?" என்று கேட்கலாம். 'ரெரா' என்று சுருக்கிச் சொல்லப்படும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல சட்டந்தான். எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்து ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் கோளாறு தெரிந்தால், செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும். ஆனால் இது கட்டி விற்பவர்களைப் பிடிக்கும் சட்டம். அதிலும் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்திலோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ கட்டுபவர்தான் பதிவு செய்தாக வேண்டும். தன் மனையில் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்ளும் தொழிலாளிக்கு அந்தச் சட்டம் குடை பிடிப்பதில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், சுயசான்று அளித்து உடனே அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் தமிழகத்தில் வந்தது. மாதக்கணக்கில் அலைந்தவர்களுக்கு நிம்மதி, வரவேற்கிறோம். ஆனால் அனுமதிக்கு முன் வந்து பார்க்கும் கண் ஒன்று குறைந்தது. இனி வீட்டுக்காரரும் அவர் அமர்த்தும் ஆளுமே பொறுப்பு.

அரசு முத்திரை சுவரைத் தாங்காது என்பதற்கும் சான்று உண்டு. 2014 ஜூன் 28-ஆம் நாள் மவுலிவாக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்களைக் குடித்ததே, அதற்குப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி இருந்தது! எட்டே நாள் கழித்து, ஜூலை 6-ஆம் நாள், நம் திருவள்ளூர் மாவட்டத்து உப்பரபாளையத்தில் கிடங்கு ஒன்றின் சுற்றுச்சுவர் மழையில் இடிந்து 11 பேர் மாண்டனர். ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள் அவர்கள். கட்டடம் சரியும்போது முதலில் சாகிறவன் தொழிலாளி என்பதை இந்த வட்டாரம் கண்ணாரக் கண்டது.

ஆகவே கட்டுநரை அமர்த்துமுன் அவர் அட்டையைப் பார்ப்பதோடு நில்லாமல், சங்க அலுவலகத்துக்கே போய்க் கேளுங்கள்: இவர் இன்றும் உறுப்பினரா? இவர்மீது புகார் வந்ததுண்டா? புகார் வந்தால் யார் விசாரிப்பார்? விடை மழுப்பலாக வந்தால் அந்த அட்டை வெறும் காகிதம். இவர் கட்டி நாலைந்து மழை பார்த்த வீட்டுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். கொத்தனாரையும் சித்தாளையும் நலவாரியத்தில் பதிவு செய்ய வைத்தாரா, கூலி பாக்கி வைக்கிறாரா என்றும் கேளுங்கள். 1994-இல் அமைந்த அந்த வாரியம் கட்டடத் தொழிலாளர் போராடிப் பெற்றது. கூலியில் கை வைப்பவர் சிமெண்டில் கை வைக்கத் தயங்குவாரா?

ஒப்பந்தம் தமிழில் எழுதப்படட்டும். கடைக்கால், தளம், பூச்சு என்று வேலை முடிய முடியப் பணம். முன்பணமாக மொத்தமாய் வேண்டாம். தளம் போடும் நாளில் அரை நாள் லீவு எடுத்தாவது நில்லுங்கள். கம்பியின் மேலேயே ஆலைக் குறியும் தரமும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படிக்க நம் உருட்டாலைத் தோழரைவிடத் தகுதியானவர் எவர்?

எல்லாம் பார்த்தும் ஏமாற்றப்பட்டால், வீடு கட்டித் தருவதும் சேவையே என்று உச்சநீதிமன்றம் 1993-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் வழக்குப் போடலாம். அங்கே பேசப்போவது அந்த ஒப்பந்தக் காகிதமும் ரசீதுகளுந்தான்.

சங்கத்தில் சேராத மேஸ்திரிகளை நாம் இழிவு செய்யவில்லை. நாணயமாகக் கட்டித் தந்து நல்ல பேர் எடுத்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களும் சேர்ந்திடக் கட்டுநர் சங்கங்கள் கதவைத் திறக்கட்டும். உறுப்பினர் பட்டியலையும், வந்த புகார்களையும், நீக்கப்பட்டவர் பெயர்களையும் தமிழில் அச்சிட்டுத் தொழிற்பேட்டை வாயில்களிலே ஒட்டட்டும். நமது தொழிற்சங்க அலுவலகங்களும் ஒரு நோட்டுப் போடலாம்: எந்தத் தோழர் வீட்டை யார் கட்டினார், எந்த ஆண்டு, எங்கே ஒழுகுகிறது, கூப்பிட்டதும் வந்து பார்த்தாரா என்று. வடகிழக்குப் பருவமழை வந்து போனதும் அந்த நோட்டில் எழுத நிறைய இருக்கும்.