“பாத்திமா” என்று பெயரிடலாமா?

திருப்பூர்த் தோழர் ஒருவர் தமக்கு நேர்ந்துள்ள ஒரு சங்கடத்தை நமக்கு எழுதி, அதைப்பற்றி நமது அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறார். அவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராய் இருப்பவர். அவரது துணைவியார் அதே கம்பெனியில் கைமடி வேலை செய்து வந்தவர். இருவரும் வெவ்வேறு ஜாதியில் பிறந்தவர்கள். புரோகிதமும், ஓமப்புகையும் இன்றி, 1967-ம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தின்படி சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். அக்காரணத்தால் இரண்டு வீட்டாரும் அவர்களைத் தலைமுழுகிவிட்டார்கள்.

அப்படிப்பட்ட நிலையில் அந்த அம்மைக்குப் பிரசவம் கடினமாகி, ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடக்க நேர்ந்தது. தாயும் வரவில்லை, மாமியும் வரவில்லை. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பாத்திமா என்கின்ற ஓவர்லாக் டெய்லர் அம்மாள் ஒருவர்தான் பத்து நாள் கூலியையும் விட்டுவிட்டுக் கூடவே இருந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிக் கொண்டுவந்து வீட்டில் சேர்த்தார். பிறந்தது பெண். அந்த நன்றிக்காகக் குழந்தைக்குப் “பாத்திமா” என்று பெயர் வைக்கத் தோழர் எண்ணினார். அவ்வளவுதான்! பிள்ளை பிறந்தபோது எட்டிப்பாராத இரண்டு வீட்டாரும் பெயரைக் கேட்டவுடன் ஓடி வந்துவிட்டார்கள். “துலுக்கப் பெயரா? குலம் என்னாவது?” என்கிறார்கள். தெருவிலுள்ள முஸ்லிம் பெரியவர் ஒருவர், “எங்கள் மார்க்கத்தில் சேராத பிள்ளைக்கு எங்கள் நபியின் மகள் பெயர் எதற்கு?” என்கிறாராம். நம் இயக்கத் தோழர் ஒருவரோ, “தமிழில் பெயரே இல்லையா? ஒரு மதத்தை விட்டுவிட்டு இன்னொரு மதத்தின் பெயரை ஏன் கட்டிக்கொள்ள வேண்டும்?” என்கிறாராம்.

இம்மூன்று ஆட்சேபணைகளிலும் ஏதாவது அர்த்தமிருக்கிறதா என்பதைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

முதலாவது, இந்தப் பெயர்தான் என்ன? அரபு மொழியில் பால்குடி மறக்கச் செய்வதற்கு ஒரு வினைச்சொல் உண்டு. அதிலிருந்து பிறந்ததுதான் ‘பாத்திமா’. பால் மறக்கச் செய்தவள் அல்லது பால் மறந்த பிள்ளை என்பதே அதன் அடிப்படைப் பொருள். மருத்துவமும் சுகாதாரமும் இல்லாத அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகளில் பல, பால் மறக்கும் பருவத்துக்கு முன்பே மாண்டுபோகும். ஒரு பிள்ளை பால் மறந்தது என்றால் அது பிழைத்தது என்று அர்த்தம். ஆகவே, இது தாய்மார்களின் வாயில் பிறந்த பெயரே தவிர, ஆகாயத்திலிருந்து இறங்கின பெயர் அல்ல. பின்னால் வந்த மதப் பண்டிதர்கள், “நரக நெருப்பிலிருந்து விலக்கப்பட்டவள்” என்று அதற்கு வியாக்கியானம் செய்துகொண்டார்கள். பால்குடியில் பிறந்த சொல்லை நரகத்தில் கொண்டுபோய் விட்டால்தானே பண்டிதருக்கு வேலை இருக்கும்!

இப்பெயர் இஸ்லாத்தோடு பிறந்ததும் அல்ல. மகம்மது நபியின் தகப்பனாரைப் பெற்ற பாட்டியின் பெயர் பாத்திமா. அவரது மருமகனான அலியைப் பெற்ற தாயின் பெயரும் பாத்திமா. இவர்களெல்லாம் இஸ்லாம் தோன்றுவதற்கு முன்னமேயே, அரபு மக்கள் விக்கிரகங்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, அப்பெயர் வைக்கப்பட்டவர்கள். நபியின் மகளார் பாத்திமா 632-ம் வருஷத்தில் காலமான பிறகு, அவர்மீது வைத்த பக்தியால் அப்பெயர் உலகமெல்லாம் பரவியது என்பது மெய்தான். அவரது வம்சம் என்று சொல்லிக்கொண்ட பாத்திமியர்கள் 909 முதல் 1171 வரை வட ஆப்பிரிக்காவிலும் எகிப்திலும் ராஜ்யமே ஆண்டார்கள். துருக்கியில் ‘பத்மா’ என்றும், பாரசீகத்தில் ‘பாத்திமே’ என்றும், மேற்கு ஆப்பிரிக்காவில் ‘பாத்துமாத்தா’ என்றும், மலையாளத்தில் ‘பாத்தும்மா’ என்றும் அந்தந்த நாட்டு நாக்குக்குத் தக்கபடி அது திரிந்தது. நம் தமிழ் முஸ்லிம் பாட்டிமார் ‘பாத்துமுத்து’ என்று முத்தையும் சேர்த்துக் கோத்துக்கொண்டார்கள். அரபும் தமிழும் ஒரே பெயரில் கைகோத்து நிற்பதை இதில் காணலாம். ஆகவே, இஸ்லாத்துக்கு முன்பும் இருந்து, பத்து மொழிகளில் பத்து விதமாய் வழங்கும் ஒரு பெயருக்கு, தெருவிலுள்ள ஒரு பெரியவர் பட்டா கேட்பாரானால், அந்தப் பட்டாவை எழுதிக்கொடுத்தது யார் என்று நாம் கேட்கின்றோம்.

நிற்க, இப்பெயருக்கு முஸ்லிம்கள் மாத்திரம்தான் சொந்தக்காரர்களா என்றால், அதுவும் இல்லை. 711-ல் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளுக்குள் புகுந்த முஸ்லிம்கள் போர்ச்சுகலின் தென்பகுதியை 1249 வரையில் ஆண்டார்கள். அவர்கள் ஆட்சி போயும் அரபுப் பெயர்கள் போகவில்லை. அப்படி நின்றுபோன ஊர்ப்பெயர்களில் ஒன்றுதான் பாத்திமா. அவ்வூரில் 1917-ம் வருஷம் மே மாதம் 13-ந் தேதி, ஆடு மேய்த்த மூன்று குழந்தைகளுக்கு மரியம்மாள் தரிசனம் கொடுத்ததாகவும், அக்டோபர் 13-ந் தேதி பெருங்கூட்டத்தின் முன் சூரியன் சுழன்று ஆடியதாகவும் கத்தோலிக்கர் சொல்கிறார்கள். சூரியன் ஆடியிருந்தால் அது போர்ச்சுகலில் ஒரு கிராமத்துக்கு மட்டும் எப்படி ஆடியிருக்கும்? அன்று பகலாயிருந்த பாதி உலகத்துக்கும், வானத்தைப் பார்ப்பதையே தொழிலாய்க் கொண்ட அத்தனை வான சாஸ்திரிகளுக்கும் அது ஏன் தெரியவில்லை? சூரியனை உற்றுப் பார்த்தால் கண் கூசி ஆடும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும்.

அது எப்படியானாலும், அந்த ஊர்ப்பெயரால் மரியம்மாளே ‘பாத்திமா மாதா’ ஆகிவிட்டார். கத்தோலிக்கப் பெண்களுக்குப் ‘பாத்திமா மேரி’ என்று பெயர் வைக்கிறார்கள். மதுரையில் 1953-ல் கன்னியாஸ்திரீகள் ஆரம்பித்த பெண்கள் கல்லூரிக்குப் பாத்திமா கல்லூரி என்றே பெயர். முஸ்லிம் பெண்ணும் பாத்திமா, கிறிஸ்தவப் பெண்ணும் பாத்திமா! இரண்டு மதத்தாரும் ஒரே பெயரை வைத்துக்கொண்டும், எந்தச் சாமியும் கோபித்து எந்தப் பிள்ளையையும் கண்ணைக் குத்தியதாகச் செய்தி இல்லை.

இனி, குலம் போய்விடும் என்று ஓடிவந்த உறவினர்களிடம் வருவோம். அவர்கள் சொல்லும் தர்மத்துக்கு ஆதாரமான மனுதர்ம சாஸ்திரம் பெயரைப்பற்றி என்ன சொல்லுகிறது? இரண்டாவது அத்தியாயத்தில், பிராமணனுக்கு மங்களமான பெயரும், க்ஷத்திரியனுக்குப் பலத்தைக் காட்டும் பெயரும், வைசியனுக்குப் பொருளைக் காட்டும் பெயரும், சூத்திரனுக்கு அருவருப்பைக் காட்டும் பெயரும் வைக்கச் சொல்லியிருக்கிறது. பெண்ணுக்கோ சுலபமாய்ச் சொல்லக்கூடியதும், கேட்க இனியதும், நெடிலில் முடிவதுமான பெயர் வைக்கவேண்டுமாம். ‘பாத்திமா’ என்பதைச் சொல்லிப் பாருங்கள். சொல்லவும் சுலபம், கேட்கவும் இனிமை, ‘மா’ என்று நெடிலில் முடிகிறது! மனுவின் பரீட்சையிலேயே அது தேறிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. மூன்றாவது அத்தியாயத்தில், நட்சத்திரம், மரம், ஆறு, மலை, பறவை, பாம்பு ஆகியவைகளின் பெயரையுடைய பெண்ணை மணக்கக்கூடாது என்றும் எழுதியிருக்கிறது. அப்படியானால் ரோகிணியும் ரேவதியும், கங்காவும் காவேரியும், கோகிலாவும் கலியாணத்துக்கு லாயக்கில்லாதவர்கள் ஆகிறார்கள். இந்த உறவினர்கள் வீட்டில் எத்தனை ரேவதி, எத்தனை கோகிலா இருப்பார்கள்? அவர்களையெல்லாம் கலியாணம் செய்து கொடுத்தபோது போகாத குலம், பாத்திமாவினால்தானா போய்விடும்?

நமது மக்கள் பெண் குழந்தைகளுக்கு இட்டுவரும் பெயர்களின் லட்சணத்தையும் பார்க்கவேண்டும். மூன்றாவது பெண் பிறந்தால் ‘போதும்பொண்ணு’ என்றும், நான்காவது பிறந்தால் ‘வேண்டாம்’ என்றும் பெயர் வைத்த ஊர்கள் நம் நாட்டில் உண்டு. அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லும்போதெல்லாம், தான் வேண்டாத பிள்ளை என்பதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். எமன் எடுத்துப் போகாமலிருக்கக் ‘குப்பை’ என்றும் ‘பிச்சை’ என்றும் வைத்தார்கள். இன்று அதற்குப் பதிலாக, நட்சத்திரத்துக்கு இன்ன எழுத்து என்று ஜோசியனிடமும், இங்கிலீஷ் எழுத்தில் ஒன்றைக் கூட்டினால் யோகம் வரும் என்று எண் கணிதக்காரனிடமும் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஓர் எழுத்தைக் கூட்டினால் யோகம் வருமானால், அந்த எண் கணிதக்காரன் தன் பெயரில் நாலு எழுத்தைக் கூட்டிக்கொண்டு சும்மா இருக்கலாமே, நம்மிடம் எதற்குக் கட்டணம் கேட்கவேண்டும்? பிள்ளை பிழைத்ததென்று மகிழும் ஒரு பெயரை இழிவென்று சொல்ல, ‘வேண்டாம்’ என்று பெயரிட்டவர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மூன்றாவதாக, நம் இயக்கத் தோழரின் ஆட்சேபணை. இதைத்தான் நாம் மரியாதையோடு கவனிக்கவேண்டும். தமிழில் நல்ல பெயர்கள் ஏராளமாய் இருக்கின்றன என்பதும், அவைகளை வைக்கவேண்டும் என்று நாம் சொல்லி வருகிறோம் என்பதும் உண்மையே. ஆனால், எதற்காக அப்படிச் சொன்னோம்? தமிழ் எழுத்துக்களில் தெய்வீகம் இருக்கிறது என்பதற்காக அல்ல. ஜாதி இழிவையும், புராண ஆபாசத்தையும் பெயரில் சுமக்க வேண்டாம் என்பதற்காகத்தான் சொன்னோம். 1929-ம் வருஷம் பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று சொன்னதும் அதற்காகத்தான். நம் தோழர்களே ரஷ்யா என்றும், லெனின் என்றும் பிள்ளைகளுக்குப் பெயரிட்டார்களே, அவை எந்தச் சங்கத் தமிழில் இருந்து வந்தவை? 1953-ல் பிறந்த ஒரு குழந்தைக்கு ஸ்டாலின் என்று பெயரிட்டு, அப்பெயரே நம் நாட்டு முதல் மந்திரியின் பெயராகவும் ஆயிற்றே!

பனியன் கம்பெனியின் கணக்கறைக்குள் போய்ப் பாருங்கள். வசூல், பாக்கி, அசல், நகல், ரத்து என்பவையெல்லாம் அரபியிலிருந்து வந்தவை. ஜில்லாவும் வக்கீலும் அப்படியே. காஜா எடுத்துப் பொத்தான் தைக்கிறோமே, அந்தக் காஜாவும் பொத்தானும் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தவை. திருப்பூரில் 1925-ம் வருஷத்தில் முதல் பனியன் தொழிற்சாலையை ஆரம்பித்தவர் குலாம் காதர் என்று அவ்வூர்த் தொழில் வரலாறு சொல்லுகிறது. அவர் பெயரும் அரபுப் பெயர்தான். அதற்காக யாராவது பனியன் போடாமல் இருக்கிறார்களா?

மதப் பெயர் என்பதைப்பற்றியும் சொல்லுகிறோம். அத்தோழர் நபியின் மகளை நினைத்து இப்பெயரை வைக்கவில்லை. ஓவர்லாக் மெஷினில் குனிந்து உழைக்கும் ஒரு பெண்ணை நினைத்து வைக்கிறார். சாவித்திரிபாய் புலே 1856-ல் தம் கணவருக்கு எழுதிய கடிதத்தில், தாம் இல்லாதபோது வேலைப்பளுவைச் சுமக்கும் ஒரு பாத்திமாவைப்பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறார். 1989-ல் இந்திய சுப்ரீம் கோர்ட்டில் முதன்முதலாக நீதிபதியாய் அமர்ந்த பெண்மணியும் பாத்திமா பீவிதான். பின்னர் அவர் நம் தமிழ்நாட்டுக்கே கவர்னராய் வந்தார். பெயருக்குப் பெருமை கொடுப்பது அதை வைத்துக்கொண்டு உழைத்தவர்களே ஒழிய, வேறல்ல.

ஆனாலும், மதத்தை நாம் மறைத்துப் பேசவில்லை. இஸ்லாமிய சட்டத்தில் மகனுக்குக் கிடைப்பதில் பாதிதான் மகளுக்குக் கிடைக்கும். இது நியாயமல்ல. இந்து தர்மமோ மகளுக்கு அந்தப் பாதியும் கொடுக்கவில்லை. பெண்ணுக்குச் சமசொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டில் 1929-ல் நாம் கேட்டது, தமிழ்நாட்டில் சட்டமாக வர 1989 வரை, அதாவது 60 வருஷம், ஆயிற்று. ஆதலால் பிள்ளைக்கு எம்மதத்துப் பெயர் என்பதைவிட, அப்பிள்ளைக்குச் சொத்தில் பங்கு உண்டா, படிப்பு உண்டா, தன் கூலியைத் தானே செலவு செய்ய உரிமை உண்டா என்பதே நமக்கு முக்கியம்.

கடைசியாக ஒன்று. இந்தப் பெயரினால் பிள்ளைக்கு நாளை வாடகை வீடு மறுக்கப்படலாம், வேலை வாசலில் சந்தேகப் பார்வை விழலாம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது நடக்கக் கூடியதுதான். அந்த வெட்கம் மறுப்பவனைச் சேர்ந்ததே தவிர, பிள்ளையைச் சேர்ந்ததல்ல. எனினும், பிள்ளை நமது கொள்கைக்கு மாட்டும் விளம்பரப் பலகையும் அல்ல. அந்தக் கஷ்டத்தில் கூட நின்று தாங்கச் சித்தமாயிருப்பவர்களே அப்பெயரை வைக்கத் தகுந்தவர்கள்.

அதனால்தான் தோழருக்கு ஒரு கேள்வி. உறவினர் சொன்னதை எழுதினீர், பெரியவர் சொன்னதை எழுதினீர், இயக்கத் தோழர் சொன்னதையும் எழுதினீர். நமது அபிப்பிராயத்தையும் கேட்டீர். ஆனால், அந்தப் பிள்ளையைச் சுமந்து பெற்று, சாகப் பிழைக்கக் கிடந்து எழுந்த உம்முடைய துணைவியாரின் அபிப்பிராயம் என்ன என்று நாலு பக்கக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! புரோகிதனை வாசலோடு அனுப்பிவிட்டு, அவன் உட்கார்ந்த மணையில் நாமே ஏறி உட்கார்ந்துகொண்டால் அது சுயமரியாதை ஆகுமா? பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க ஒரு வருஷம் வரை கட்டணமில்லை, தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரையிலும் சேர்க்கலாம். ஆகவே, அவசரம் ஒன்றுமில்லை. இன்று இரவே அந்த அம்மையைக் கேளும். அவர் பாத்திமா என்றால் பாத்திமா, தாமரை என்றால் தாமரை. பிள்ளை வளர்ந்து பதினெட்டு வயதான பின் அதை மாற்றிக்கொள்ள விரும்பினால், அரசாங்க கெஜட் இருக்கிறது. அப்போது நீர் குறுக்கே நிற்கக் கூடாது.

அந்த ஓவர்லாக் டெய்லர் அம்மாளுக்கு நன்றி காட்டப் பெயர் ஒன்றுதானா வழி? அவர் இழந்த பத்து நாள் கூலியையும் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடும்.