விசிறியும் வெப்பநீக்கியும்

கணிப்பொறியின் மையச் சில்லு, சிறு பரப்பிலிருந்து பல பத்து வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அதனை அகற்ற அலுமினியத் தகடுகளாலான வெப்பநீக்கியும், அதன்மேல் ஒரு விசிறியும் பொருத்துவது நெடுநாளைய வழக்கம். இவ்விரண்டையும் தனித்தனியே வகுத்துப் பின்னர் இணைப்பதே குறைபாட்டிற்கு மூலகாரணம் எனலாம்.

தகட்டை ஒட்டிய காற்று, மெல்லிய போர்வை போல் அங்கேயே தங்கிவிடுகிறது. தூய அலுமினியம் காற்றைவிட 8,000 மடங்குக்கு மேல் வெப்பங் கடத்தவல்லது. ஆகவே பெருந்தடை உலோகத்தில் இல்லை, இப்போர்வையிலேயே உள்ளது. விசிறியின் வேகத்தைக் கூட்டினால் இரைச்சல் மிகுகிறதேயன்றிப் போர்வை அவ்வளவாக மெலிவதில்லை.

அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஜெஃப் காப்லோ, 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், தகடுகளையே சுழலச் செய்யும் அமைப்பொன்றை விவரித்தார். சுழலும் தகட்டுத் தொகுதிக்கும் அசையாத அடித்தட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் காற்றிடைவெளி மட்டுமே உண்டு. காற்றே தடை என்று கூறிவிட்டு நடுவிலும் காற்றையே வைப்பது முறையோ என மாணவர் வினவக்கூடும். நல்ல வினாவே. இடைவெளி தலைமயிரினும் நுண்ணியது, பரப்போ அகன்றது. ஆதலின் அத்தடை சிறிதேயாகும். சுழற்சியால் போர்வை மெலிகிறது. தூசி படிவதும் குறைகிறது.

இந்தியச் சூழலில் இப்பின்னைய பயனே முதன்மையானது. விளம்பர ஏடுகளில் காணும் திறன் பெரும்பாலும் தூய்மையான அறையில், 25 பாகை அளவில் கணிக்கப்பட்டதாகும். சில்லின் எல்லை 85 பாகை என்றும், வெப்பநீக்கியின் தடை வாட்டுக்கு ஒரு பாகை என்றும் கொள்வோம். அங்கு 60 வாட்டை அகற்றும் கருவி, ஜெய்சால்மரின் 45 பாகைக் கோடையில் 40 வாட்டையே அகற்றும். கடல்மட்டத்திற்கு 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் வெம்மை இல்லை. ஆனால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. கிராமப் பள்ளியின் கணிப்பொறி மே மாதத்தில் தானே வேகங்குறைந்து தயங்குவதற்குத் தகடுகளிடையே அடைந்த புழுதியும் ஒரு காரணம். பழி பெரும்பாலும் மென்பொருளின்மேல் விழுகிறது!

எனினும், ஒன்றிணைந்த அமைப்பில் விசிறி நின்றுபோனால் முழுத் தொகுதியையும் மாற்ற நேரிடலாம். தொலைவிலுள்ள நிலையங்களுக்கு இது பொருந்தாது. காற்றோட்டத்தை முன்னிட்டு ஒன்றாக வகுக்கப்பட்டாலும், சுழலும் பகுதியைத் திருப்புளி ஒன்றாலேயே கழற்றி மாற்றும் வசதி இருத்தல் வேண்டும். சில வாட் மட்டுமே வெளிவிடும் கருவிகளுக்கோ விசிறியே வேண்டியதில்லை. அகன்ற தகடுகளும் மூடிய பெட்டியுமே போதும். கொள்முதல் செய்வோர், 45 பாகையிலும் புழுதியிலும் நடத்திய சோதனையின் முடிவை விற்பனையாளரிடம் கேட்டுப் பெறுதல் நன்று.