வதந்தியைப் பார்ப்பதும் பரப்புவதும்



2022 டிசம்பரில் அமேசான் பிரைமில் வெளியான ‘வதந்தி’ என்னும் குற்றப் புலனாய்வுத் தொடரை நம் இல்லங்களிலும் பலர் பார்த்துள்ளனர். ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கிய எட்டுப் பகுதிகளிலும், கொலையுண்ட ஓர் இளம்பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கின்றனர். அக்கதைகளுக்குள் உண்மையைத் தேடி அலைகிறார் காவல் அதிகாரி.

இத்தகைய தொடர்களைப் பார்க்கலாமா எனப் பெற்றோர் வினவுகின்றனர். பிள்ளைகள் அமர்ந்திருக்கும் கூடத்தில் அவை ஓடுவது தகாது என்பதே நம் கருத்து. ஆயினும் அதனினும் பெரிய வினா ஒன்றுண்டு. திரையில் இறந்த பெண்ணுக்காக இரங்கும் நாம், உயிரோடிருக்கும் அண்டை வீட்டுப் பெண்ணைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்ததை என்ன செய்கிறோம்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு பரவியபோது, நபிகளாரின் இல்லம் ஏறத்தாழ ஒரு மாதம் துயருற்றது. அன்னையின் தூய்மையை அந்நூர் அத்தியாயத்தில் அல்லாஹ்வே அறிவித்தான். கேட்டவுடனேயே நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாமா என்று இறைநம்பிக்கையாளர்களைக் கடிந்தும் கொண்டான். கற்புள்ள பெண்மீது பழிசுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு எண்பது கசையடி என்றும், அவனது சாட்சியம் இனி ஏற்கப்படாது என்றும் அதே அத்தியாயம் விதிக்கிறது.

திருக்கனூர் போன்ற ஊரில் ஒரு சொல் போதும். பெண்ணின் படிப்பு நின்றுவிடும், வந்த சம்பந்தம் திரும்பிப் போகும். பொய்யென்று பின்னர் தெரிந்தாலும், வீடு வீடாகச் சென்று எவரும் அதைத் திருத்துவதில்லை.

ஆகவே அத்தகைய செய்தி வந்தால் நம்மோடு நிற்கட்டும். சபையில் பேச்செழுந்தால், “நேரில் கண்டீர்களா?” என்று கேட்போம். ஒரு பெண்ணின் மானத்தைக் காத்த நன்மையை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.