நலம் நாடுவோம்: ஈரலின் கதவுகள்



ஸ்ட்ராத்ஃபீல்டிலும் அயலிலும் வாழும் எம்மவர் வீடுகளில் ஒரு குளிசைப் பை இருப்பது வழக்கம். சலரோகத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, தும்மலுக்கு ஒன்று. விழுங்கிய குளிசை எங்கே போகிறது என்று நாம் யோசிப்பதில்லை. இம்முறை அதைப் பார்ப்போம்.

குடல் உறிஞ்சிய மருந்து இரத்தத்தோடு முதலில் ஈரலுக்குச் செல்கிறது. அங்குள்ள கலங்களின் மென்சவ்வில் சில புரதங்கள் கதவுகளாக நின்று மருந்தை உள்ளே எடுக்கின்றன. வேறு சில அதைப் பித்தத்துக்குள் தள்ளிவிடுகின்றன.

கதவு மட்டும் போதுமா? நிலை உக்கிய வீட்டில் எவ்வளவு நல்ல கதவும் சரிந்துவிடும் அல்லவா? ஈரற் கலத்திலும் அப்படித்தான். கதவுப் புரதத்தின் வால் நுனியைப் பிடித்து அதை இடத்தில் நிறுத்தும் 'நிலை'ப் புரதங்கள் உண்டு. பி.டி.இசட்.கே.1 அவற்றில் ஒன்று. இப்புரதம் இல்லாத எலிகளின் ஈரலில் ஒரு கதவுப் புரதம் மேற்பரப்புக்கு வராமல் கலத்தின் உள்ளேயே தங்கிவிட்டதை 2005 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். எமக்கு அருகிலுள்ள சிட்னிப் பல்கலைக்கழகத்தாரும் 2014 இல், மனிதரின் ஓ.ஏ.டி.பி.1ஏ2 என்ற கதவை இத்தகைய இரு நிலைப் புரதங்கள் காப்பதை ஆய்வுகூடக் கலங்களில் காட்டினார்கள். அவை கதவு உள்ளிழுக்கப்படாமல் பார்க்கின்றன. அது விரைவில் சிதையாமலும் பார்க்கின்றன.

இதனால் எமக்கென்ன என்று கேட்பீர்கள். இக்கதவுகள் எல்லோருக்கும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. கொழுப்பைக் குறைக்கும் ரொசுவாஸ்டட்டின் மருந்தைச் சிங்கப்பூர்வாசிகளுக்கு ஒரே அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2005 இல் வெளிவந்தது. வெள்ளையரோடு ஒப்பிடுகையில் இந்தியரின் இரத்தத்தில் அம்மருந்து ஏறக்குறைய 1.6 மடங்கும், சீனரின் இரத்தத்தில் 2.3 மடங்கும் இருந்தது. அளவு மிஞ்சினால் தசைகள் பாதிக்கப்படலாம். அதனாலேயே ஆசிய வம்சாவளியினருக்கு 5 மில்லிகிராமில் தொடங்குவதை வைத்தியர்கள் கவனத்தில் எடுக்கிறார்கள். 'எனக்கு நல்ல சுகம், நீங்களும் போட்டுப் பாருங்கோ' என்று அயலவர் அன்போடு நீட்டும் குளிசை எமக்கு ஏற்ற அளவாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இன்னொன்று. வசந்தகாலத் தும்மலுக்குப் பலர் எடுக்கும் டெல்ஃபாஸ்ட் குளிசையைத் தோடம்பழச் சாற்றோடோ அப்பிள் சாற்றோடோ விழுங்க வேண்டாம். குடலிலுள்ள இதே குடும்பத்துக் கதவுகளைச் சாறு அடைத்துவிடுவதால் மருந்து சரியாக உடம்பில் சேராது. தண்ணீரே நல்லது.

ஆகவே, வைத்தியரிடம் போகும்போது ஊரிலிருந்து வந்த மருந்து, நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுவோம். தசைநோ கண்டால் உடனே சொல்லுவோம். நாமாகக் குளிசையை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். ஆங்கிலம் தடையென்றால் 131 450 இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தரும்படி தயங்காமல் கேட்போம். கேட்பதில் வெட்கமில்லை.