இசைப் பயிற்சியும் ஒலிப்பதிவுத் தொழிலும்

இசைக்கு உயர்வு கூறாதார் எவருமிலர். ஆயின், அவ்விசையையே தன் தொழிலாகக் கொள்ள விரும்புவதாக ஒரு மாணவன் வீட்டில் கூறுவானேல், பெற்றோர் முகம் வாடுகின்றது. அவன் கையிலிருப்பது வீணையன்றிக் கிதாராகவும், அவன் நாடுவது 'ராக்' இசையாகவும் இருப்பின், வாட்டம் சினமாக மாறுகின்றது. நம் கலாசாலை விடுதியில் மாலை வேளையிற் கிதார் ஒலி எழுந்தால், அதனைப் படிப்பைக் கெடுக்கும் இரைச்சல் என்பாரே பலர். இவ்வபிப்பிராயம் முற்றும் சரியன்று என்பதையும், இது குறித்து நம் கலாசாலை செய்யத்தக்கது ஒன்றுண்டு என்பதையும் ஈண்டுக் கூற விழைகின்றோம்.

அயல்நாட்டுப் பொருள் என்னும் தடையை முதலில் ஆராய்வோம். நாம் வாழும் இச்சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொணர்ந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரையாவர். அச்செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. இவையிரண்டும் இன்றி ஏற்காட்டை இன்று எவரால் எண்ண இயலும்? மேனாட்டுப் பிடிலும் அவ்வாறே பாலுசுவாமி தீட்சிதர் முதலியோர் கையில் நம் கர்நாடக சங்கீதத்திற்கு உரியதாயிற்று. வந்த பொருள் எங்கிருந்து வந்தது என்பதன்று, வந்தபின் நாம் அதனால் என் செய்தோம் என்பதே வினா.

இவ்வினாவிற்கு நம் காலத்தில் விடை தந்தவருள் முதல்வர் ஏ. ஆர். ரகுமான். 1967-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6-ஆம் நாள் சென்னையிற் பிறந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் திலீப்குமார். தந்தையார் ஆர். கே. சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தும், பிறர் இசையை நடத்தியும் வந்தவர். அவர் 1976-இல் மறைந்தபோது மைந்தனுக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. சிறுவனும் கீபோர்டு வாசித்துப் பொருளீட்டப் புகுந்தான்; பள்ளிப் படிப்பும் இடையில் நின்றது. பின்னர்ச் சிவமணி முதலிய நண்பர்களுடன் 'ரூட்ஸ்' என்னும் குழுவில் வாசித்தார்; 'நெமிசிஸ் அவென்யூ' என்னும் ராக் குழுவையும் அமைத்தார். வயிற்றுப்பாட்டிற்கு விளம்பர இசையும் அமைத்தார். லியோ காப்பி விளம்பரத்திற்கு அவர் அமைத்த சில நொடி இசையைப் பலர் இன்றும் மறந்திலர்.

நிற்க. அவர் தம் வீட்டை ஒட்டி 'பஞ்சதன்' என்னும் ஒலிப்பதிவு நிலையத்தை நிறுவியதே அவர் வாழ்வின் திருப்பம் என்பது எம் துணிபு. முன்னாளில் வாத்தியக்காரர் அனைவரும் ஒரே கூடத்தில் அமர்ந்து வாசிக்க, பாடகரும் உடன் பாட, பாட்டு முழுதும் ஒரே மூச்சிற் பதிவாகும். ஒருவர் பிழைத்தால் அனைவரும் மீண்டும் தொடங்குவர். ரகுமானோ ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்து, கணிப்பொறியில் அடுக்கி, வேண்டாதன நீக்கிச் சிற்பி கல்லைச் செதுக்குமாறு பாட்டைச் செதுக்கினார். இவ்வாறு ஒலியையே ஆக்கி நெறிப்படுத்துவோரை மேனாட்டார் 'ரெக்கார்டு புரொட்யூசர்' என்பர். பணம் இடும் முதலாளி என்பது இதன் பொருளன்று. பீட்டில்ஸ் குழுவினர்க்கு ஜார்ஜ் மார்ட்டின் ஆற்றிய பணி அத்தகையது. நம் நாட்டில் ரகுமான், இசையமைப்பாளர் தொழிலையும் இத்தொழிலையும் ஒருவரே செய்தல் கூடும் எனக் காட்டினார்.

1992-இல் வெளிவந்த 'ரோஜா' அவருக்கு முதற்படத்திலேயே தேசிய விருதை ஈட்டித் தந்தது. 2009-இல் இரண்டு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற மேடையில் தமிழும் பேசினார். எனினும், விருதுகளினும் நாம் பெரிதாகக் கருதுவது வேறொன்று. பாட்டு நாடாக்களின் உறையில், வாத்தியம் வாசித்தோர் பெயரையும் ஒலிப்பதிவாளர் பெயரையும் அவர் அச்சிடச் செய்தார். அதுகாறும் பெயரின்றி உழைத்தோர்க்கு அது எத்துணைப் பெருமை!

'ஆயிரவருள் ஒருவருக்கு வாய்த்ததைக் காட்டி ஏனையோரை மயக்கலாமோ?' என வினவுவாருமுளர். அவ்வினாவில் நியாயமுண்டு. ரகுமான் பள்ளியை விட்டது வறுமையால். அதனைச் சான்றாகக் காட்டி வகுப்பை விடுவோர் அவரிடம் ஒன்றும் கற்றவரல்லர். 2008-இல் சென்னையில் கே. எம். இசைக் கல்லூரியை அவரே நிறுவியமை, முறையான கல்வியை அவர் எவ்வளவு மதித்தார் என்பதைக் காட்டும். நாம் வேண்டுவது எல்லாரும் பாடகராதல் அன்று. விருப்பமுள்ளோர் ஒரு தொழிலைச் செம்மையாகப் பழகுதலேயாம்.

ஆதலின், நம் கலாசாலையில் ஒரு சிற்றறையை ஒலிப்பதிவிற்கென ஒதுக்குதல் வேண்டும். தடித்த கம்பளங்களும், இரண்டொரு ஒலிவாங்கிகளும், ஒரு கணிப்பொறியும் தொடக்கத்திற்குப் போதும். இப்பணிக்குச் சென்னையே ஏற்ற இடம் என்று எண்ணற்க. இம்மலையடியில், ஏற்காடு சாலையில் வளைவு மட்டும் எஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸை 1930-களில் டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவினார். மலையாளத்தின் முதற் பேசும்படமாகிய 'பாலன்' (1938) அந்நிறுவனத்தின் ஆக்கமே.

அவ்வறையிற் பதிய வேண்டுவன யாவை? இம்மலைவாழ் மக்களாகிய மலையாளிகள், பெயரால் அவ்வாறு அழைக்கப்படினும், தமிழே பேசுவோர். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் விழாவிற்குத் திரளும் அவர்தம் முதியோர் நெஞ்சில் பாட்டுக்கள் பல உள. ஏட்டில் எழுதப்படாத பாட்டு, பாடுவோருடன் மறையும். நம் மாணவர் அம்முதியோரின் இசைவு பெற்று அவற்றைப் பதியட்டும். பாடினோர் பெயரை முதலில் எழுதட்டும். ஒரு படியை அவ்வூராரிடமே ஒப்புவிக்கட்டும். பின்னர்த் தம் கிதாரையும் அவ்வறையில் எடுக்கட்டும். பிறர் குரலைப் பொறுமையுடன் கேட்கப் பழகியவன் எழுப்பும் ஒலி இரைச்சலாகாது. முதியோர்க்கு ஆண்டுகள் ஏறுகின்றன. அறையோ இன்னும் ஒதுக்கப்பட்டிலது. பழைய மாணவரும் ஆசிரியரும் இதனை அடுத்த ஆண்டிற்கெனத் தள்ளாது இவ்வாண்டே மேற்கொள்வாராக.