மருந்து எங்கள் இரத்தத்தில் இருக்கிறது, குளிர்ப்பெட்டி எங்கே?



நான் படிப்பிப்பது மலையகத் தோட்டப் பாடசாலை ஒன்றில். பிறந்தது நெடுந்தீவில். பனைக்கும் தேயிலைக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு கண்ணில் இருக்கிறது.

ஊரில் என் பெரியம்மாவின் கண்ணைப் பனை மட்டைக் கருக்கு கீறிவிட்டது. "நாளைக்குப் பாப்பம்" என்று நாலு நாள் போக்கினார். சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் மருந்து விட்டுக் கிருமியை அழித்தார்கள். ஆனால் அவருக்குச் சீனி வருத்தம். வாரக்கணக்காகியும் கருவிழியின் மேல்தோல் மூடவில்லை. கடைசியில் டொக்டர், "அம்மா, உங்கட இரத்தத்திலயே மருந்து செய்வம்" என்றார். பெரியம்மா திகைத்துப்போனார்: "என்ர இரத்தத்தை என்ர கண்ணுக்குள்ளயே விடுறதோ?"

ஆம், அப்படித்தான். கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது. அதன் மேல்தோலுக்குக் கண்ணீரும் ஒரு சாப்பாடு. கண்ணீர் வற்றினாலோ, கண் நரம்பு மரத்துப்போனாலோ புண் ஆறாது. இரத்தம் உறைந்த பிறகு பிரியும் மஞ்சள் நீர்தான் சீரம். கண்ணீரில் இருப்பது போலவே விற்றமின் ஏயும், தோலை வளரச் செய்யும் பொருள்களும் அதில் உண்டு. 1984இல் உலர்ந்த கண்ணுக்கு இது பயன்பட்டதை டொக்டர்மார் எழுதினார்கள். 1999இல் ஜப்பானில் டொக்டர் சுபோட்டாவும் கூட்டாளிகளும் ஆறாத கருவிழிப் புண்ணுக்குப் பயன்பட்டதை எழுதினார்கள்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. கையிலிருந்து கொஞ்ச இரத்தம் எடுத்து, உறையவிட்டு, இயந்திரத்தில் சுழற்றி, சீரத்தைப் பிரிப்பார்கள். வழக்கமாக ஒரு பங்கு சீரத்துக்கு நாலு பங்கு உப்புநீர் கலந்து சிறு போத்தல்களில் அடைப்பார்கள். ஆனால் கெடாமல் காக்கும் இரசாயனம் எதுவும் அதில் இல்லை. ஆகவே போத்தல்கள் உறைபெட்டியில் இருக்க வேண்டும். திறந்த போத்தல் பிரிஜ்ஜில் இருக்க வேண்டும். ஒருபோதும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். கிருமி புகுந்தால் கண்ணே போய்விடும்.

ஊர்காவற்றுறைக்கு வீதி உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். பெரியம்மா ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். போத்தல்களைப் பக்கத்து வீட்டுப் பிரிஜ்ஜில் வைத்தார். மின்சாரம் நின்ற நாட்களில் வீடு முழுக்க அந்தப் பிரிஜ்ஜைப் பற்றியே பேச்சு. புண் ஆறியது. தழும்பு இருக்கிறது, பார்வையும் இருக்கிறது.

இப்போது நம் லயத்தை நினையுங்கள். கொழுந்து பறிக்கையில் தேயிலை வாது கண்ணில் குத்துகிறது. கவ்வாத்து வெட்டுகையில் சிம்பு தெறிக்கிறது. மருந்தடிக்கையில் துளி படுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பேர் விழாது என்று அரைப்பேருக்காவது நின்று வேலை செய்கிறோம். பிறகு கண்ணில் தாய்ப்பால் விடுகிறோம், இலைச்சாறு விடுகிறோம். கடலில்லாத தீவில்தான் நாமும் இருக்கிறோம்.

"சம்பளப் பிரச்சினையே தீரவில்லை, இந்தப் பெரிய ஆஸ்பத்திரி மருந்து நமக்கெதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: இந்த மருந்தின் மூலப்பொருளை எந்தக் கம்பனியும் விற்கவில்லை. அது நம் உடம்பில் ஓடுகிறது. நமக்கில்லாதது நேரமும் குளிரும் வாகனமும். அவை சங்கம் கேட்டு வாங்க வேண்டியவை.

அதைவிட நல்லது, புண் அந்த நிலைக்கே போகாமல் பார்ப்பது. நேபாளத்தின் பக்தபூரில் கண்ணில் கீறல் பட்டவர்களுக்குக் கிராமச் சுகாதாரத் தொண்டர்கள் சாதாரண அன்டிபயோட்டிக் களிம்பு போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் பழுக்கவில்லை என்று 2001இல் வெளியான ஆய்வு சொல்கிறது. 18 மணி நேரம் என்றால் இன்று காலை மலையில் குத்துப்பட்டவர் இன்றைக்கே மருந்துக்குப் போக வேண்டும் என்பதுதான்.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று: வேலையில் கண் காயப்பட்டால் அன்றே தோட்ட வாகனம், அன்றைக்கு முழுப்பேர். இரண்டு: காயத்தை அன்றே எழுத்தில் பதிய வேண்டும்; 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி உரிமை கேட்க அந்தப் பதிவு கைகொடுக்கும். மூன்று: ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் ஓடுகிற பிரிஜ், அதில் தொழிலாளியின் கண் மருந்துக்கும் இன்சுலினுக்கும் இடம். நான்கு: மாவட்ட ஆஸ்பத்திரிக் கண் பிரிவுகளும் இரத்த வங்கிகளும் சேர்ந்து சீரம் மருந்து செய்துதர வேண்டும்.

1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் உலகின் பல நாடுகளுக்குக் கருவிழி அனுப்புகிறது. ஊருக்கெல்லாம் கண் கொடுக்கும் நாட்டில் ஒரு தேயிலை வாது குத்தி நம்மில் ஒருவர் பார்வை இழக்கலாமா?

அடுத்த தலைவர் கூட்டத்தில் இந்த நாலையும் எழுதிக் கொடுங்கள். அதுவரை கண்ணில் எது பட்டாலும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.